அடைபட்ட வாசலடியில் லேவியராகமம்

எருசலேமுக்குச் செல்லும் நம்மவர் பலருக்கு மேற்குச் சுவரில் கை வைத்து ஜெபித்தவுடன் மனம் நிறைந்துவிடுகிறது. அதே ஆலய மலையின் தெற்குப் பக்கத்தில், தொல்லியலாளர் பெஞ்சமின் மசார் 1968-இல் தொடங்கிய அகழாய்வில் வெளிப்பட்ட அகன்ற படிக்கட்டு இருக்கிறது. பலி செலுத்த வந்தவர்கள், கீழேயுள்ள தொட்டிகளில் மூழ்கித் தங்களைச் சுத்திகரித்துக்கொண்டு இந்தப் படிகளில் ஏறினார்கள். ஒரு படி அகலமாகவும் அடுத்தது குறுகலாகவும் இருப்பதால் வேகமாக ஏற முடியாது. ஒவ்வொரு அடியையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மேலேயிருந்த வாசல்கள் கல்லால் அடைக்கப்பட்டுவிட்டன. கி.பி. 70-இல் ரோமர் ஆலயத்தை அழித்தார்கள். பலிமுறையும் அத்துடன் நின்றுபோயிற்று. அந்தப் படிகளில் அமர்ந்துதான் எங்கள் குழுவினர் லேவியராகமத்தைத் திறந்தோம்.

வேதத்தை ஆண்டுதோறும் முழுமையாக வாசிப்பவர்களும் சற்று வேகமாகக் கடக்கும் புத்தகம் அது. இரத்தம், கொழுப்பு, சாம்பல் என்று நீளும் விவரங்களுக்கு நடுவே, ஐந்தாம் அதிகாரத்தில் ஏழைக்கான ஒழுங்கு வருகிறது. ஆட்டுக்கு வசதியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களையோ புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம். அதற்கும் இயலாதவன் எப்பா என்னும் தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவந்தால் போதும். அந்த மாவும் பாவநிவாரண பலியாகவே ஏற்கப்படும். காணிக்கைத் தொகைகளைப் பெயரோடு ஒலிபெருக்கியில் வாசிக்கும் சபைகள் இந்த இடத்தைச் சற்று நின்று வாசிக்கலாம்.

என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது ஆறாம் அதிகாரத்தின் தொடக்கம். நம்பி ஒப்படைத்த பொருளை இல்லையென்று மறுத்தவன், பிறன் பொருளைப் பறித்தவன், கண்டெடுத்ததை மறைத்துப் பொய்யாணையிட்டவன் ஆகியோர் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே சொல்லப்படுகிறது. எடுத்ததை முழுதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, உரியவன் கையிலேயே கொடுக்க வேண்டும். நேர்ப்பொருளில் கணக்கிட்டால், 10,000 ரூபாயை ஏமாற்றியவன் 12,000 ரூபாயாகக் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கடாவோடு ஆசாரியனிடம் வருவது அதன் பிறகே. கர்த்தருக்கு விரோதமான துரோகம் என்று பெயரிடப்பட்ட குற்றத்துக்கு, அயலானின் நஷ்டம் முதலில் ஈடு செய்யப்படுகிறது. கூலியை நிறுத்திவைத்துவிட்டு கோபுரத்துக்கு நன்கொடை எழுதுபவருக்கு இந்த வரிசை கசக்கும். மலைப்பிரசங்கத்தில் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதும் இந்த மண்ணில் ஊறிய பேச்சுதான். ஆலயம் அழிந்த பின் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவும், மனிதனுக்கு மனிதன் செய்த குற்றத்தை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவாரண நாளும் நீக்காது என்றே விதிக்கிறது.

ஏழாம் அதிகாரத்தின் ஸ்தோத்திர பலி, ஆபத்திலிருந்து மீண்டவன் நன்றியாகச் செலுத்துவது; அது வேறு வகை. அதில் மகிழ்ச்சியும் சாப்பாடும் உண்டு. அதன் இறைச்சியில் எதையும் விடியும்வரை மீதி வைக்கக் கூடாது. அதனோடு 40 அப்பங்கள் படைக்கப்பட்டன என்றும், ஆசாரியனுக்கு 4 போக மற்றவை கொண்டுவந்தவனுக்கே உரியவை என்றும் மிஷ்னா கணக்குச் சொல்கிறது. 36 அப்பங்களையும் இறைச்சியையும் ஒரு குடும்பம் மட்டும் ஒரே நாளில் தின்று தீர்க்க இயலுமா? உறவையும் அண்டை வீட்டாரையும் அழைத்தே ஆக வேண்டும்; வந்தவர்கள் என்ன விசேஷம் என்று கேட்பார்கள்; தப்பிப் பிழைத்த கதையை அவன் சொல்லத்தான் வேண்டும். நம் ஊர்த் திருச்சபைகளின் அசன விருந்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகவே புரியும்.

கடற்பயணம், பாலைவனப் பயணம், நோய், சிறை ஆகிய நான்கிலிருந்து மீண்டவர்கள் நன்றி செலுத்தக் கடன்பட்டவர்கள் என்பது யூத மரபு. பலிபீடம் இல்லாத இந்நாளில் அவர்கள் ஜெப ஆலயத்தில், பத்துப் பேராவது கூடியிருக்கையில், தோரா என்னும் வேதநூலின் வாசிப்பின்போது எழுந்து அந்த நன்றியைச் சத்தமாகச் சொல்கிறார்கள். சபையார் பதிலுக்கு ஆசி கூறுகிறார்கள்.