ஆஸ்கி தேர்வில் கை செய்வதை வாயும் சொல்ல வேண்டும்

பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு பெற அந்நாட்டு நர்சிங் கவுன்சிலான என்எம்சி வைக்கும் கடைசித் தேர்வு ஆஸ்கி. ஸ்டேஷன் என்ற தனித்தனிப் பகுதிகளாக நடக்கும் செய்முறைத் தேர்வு இது. ஐசியூவில் பல வருடம் வேலை பார்த்தவர்கள்கூட முதல் தடவை ஏதாவது ஒரு ஸ்டேஷனில் தவறிவிடுகிறார்கள். வேலை தெரியாமல் அல்ல. நம் வார்டுகளில் பேச்சைக் குறைத்து வேகமாக முடிக்கிறவர்தான் நல்ல ஸ்டாஃப் என்று பெயர் எடுப்பார். ஆஸ்கியில் சொல்லாததும் எழுதாததும் செய்யாத கணக்கில்தான் சேரும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றத்தான் பாதி உழைப்பு போகும்.

முந்தைய படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமா படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம், பிஎஸ்சி கட்டாயமில்லை. ஆங்கிலத்துக்கு இரண்டு தேர்வில் ஒன்றை எழுதலாம். பொதுவான ஐஈஎல்டிஎஸ் அகடமிக் என்றால் ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஓஈடி என்றால் முதல் மூன்றில் பி, ரைட்டிங்கில் சி பிளஸ். ஒரே தடவையில் வராவிட்டால் ஓராண்டுக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளைச் சேர்த்துக் காட்டலாம். ஆனால் ஐஈஎல்டிஎஸ்ஸில் எந்தத் தடவையும் ரைட்டிங் 6-க்குக் கீழேயும் மற்றவை 6.5-க்குக் கீழேயும் இறங்கக் கூடாது. ரைட்டிங்கில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறவர்கள் ஓஈடிக்கு மாறிப் பார்க்கலாம். அதில் எழுதச் சொல்வது நோயாளியைப் பற்றிய கடிதம், நமக்குப் பழகிய விஷயம்.

அடுத்தது என்எம்சிக்காகக் கம்ப்யூட்டரில் எழுதும் சிபிடி தேர்வு. கணக்கு 15 கேள்வி, அரை மணி நேரம். நர்சிங் 100 கேள்வி, இரண்டரை மணி நேரம். கணக்கில் கவிழ்வது யூனிட்டில்தான். டைகாக்சின் 0.125 மில்லிகிராம் என்று ஆர்டர் இருக்கும், மாத்திரையோ 62.5 மைக்ரோகிராம். முதலில் 125 மைக்ரோகிராம் என்று மாற்றிக்கொண்டால் இரண்டு மாத்திரை என்பது தானாக வந்துவிடும். மாற்றாமல் வகுத்தால் புள்ளி எங்கே வைப்பது என்று குழம்பி நிற்போம்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு தலைவலி உண்டு: இனிஷியல். மார்க் ஷீட்டில் எஸ். கவிதா, நம் ஊர் நர்சிங் கவுன்சில் சான்றிதழில் கவிதா எஸ்., பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்திருந்தால் அங்கே கணவர் பெயர். தேர்வு மையத்தில் புக்கிங் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போய்விடும். அதனால் பாஸ்போர்ட்டில் மாற்றம் ஏதும் வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை முடித்துவிடுங்கள். பிறகு எந்தப் படிவத்திலும் எழுத்துப் பிசகாமல் அதே பெயர். பழைய சான்றிதழ்களுக்கு, இந்த எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவை உறுதி செய்யும் விவரம் நம் ஊர்க் கவுன்சிலிடமிருந்து நேராக என்எம்சிக்குப் போக வேண்டும், நீங்கள் அனுப்பினால் செல்லாது. அங்கேயும் பெயர் மாறி நின்றால் ஃபைல் நகராது.

இனி ஆஸ்கி. மொத்தம் பத்து ஸ்டேஷன். ஒரே நோயாளியை வைத்து நான்கு: மதிப்பிடுவது, திட்டம் எழுதுவது, மருந்து கொடுப்பது, அடுத்தவரிடம் ஒப்படைப்பது. கை வேலை ஸ்டேஷன்கள் நான்கு. மீதி இரண்டிலும் பேச்சே கிடையாது, எழுத்து மட்டும்தான்.

முதல் ஸ்டேஷனில் மூச்சு, பல்ஸ் போன்ற அளவுகளை எடுத்து நியூஸ்-2 சார்ட்டில் போட்டுக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு அளவும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதற்கேற்ப மதிப்பெண் போடும் சார்ட் அது. ஒரு உதாரணம் பாருங்கள். மூச்சு 22, அதற்கு 2. ஆக்சிஜன் வைக்காமலே சாச்சுரேஷன் 95, அதற்கு 1. மேல் பிரஷர் 108, அதற்கு 1. பல்ஸ் 96, அதற்கு 1. காய்ச்சல் 38.4 செல்சியஸ், அதற்கு 1. நோயாளி நல்ல நினைவோடு பேசுகிறார், அதற்கு 0. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. கூட்டினால் 6. ஐந்தைத் தொட்டாலே அவசரமாக டாக்டரைக் கூப்பிட வேண்டும், குறைந்தது மணிக்கு ஒரு தடவை அளவு எடுக்க வேண்டும். இதைச் சார்ட்டில் எழுதி, வாயாலும் சொல்ல வேண்டும். எண்களைச் சரியாகப் போட்டுவிட்டு, அடுத்து என்ன செய்வேன் என்று சொல்லாமல் நகர்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

இதே இடத்தில் நம் ஊர்ப் பழக்கம் இரண்டு காலை வாரும். ஒன்று, எண்ணிப் பார்க்காமலே மூச்சை 20 என்று எழுதிவிடுவது. இங்கே முழு நிமிடம் எண்ணுங்கள். 20-க்கு மதிப்பெண் 0, 21-க்கு 2, ஒரு மூச்சில் கதை மாறிவிடும். இன்னொன்று ஃபாரன்ஹீட். 101 என்றதும் நமக்கு உறைக்கும், 38.4 என்றால் ஒரு கணம் யோசிப்போம். இப்போதிருந்தே செல்சியஸில் நினைக்கப் பழகுங்கள்.

மருந்து ஸ்டேஷனில் சார்ட்டைக் கையில் வாங்கியதும் அலர்ஜி கட்டத்தைப் பாருங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளியின் வாயாலேயே சொல்ல வைத்து, கைப்பட்டையிலும் சார்ட்டிலும் ஒப்பிடுங்கள். “நீங்கதானே இன்னார்?” என்று கேட்டால் யாரும் தலையாட்டிவிடுவார்கள். பிறகு கடைசி டோஸ் எப்போது போனது என்று பாருங்கள். தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்று பாராசிட்டமால் எழுதியிருக்கும், காலை 8 மணிக்குக் கொடுத்ததாகக் கையெழுத்தும் இருக்கும், ஸ்டேஷனில் மணி 10. நான்கு மணி நேர இடைவெளி ஆகவில்லை. கொடுக்கக் கூடாது, ஏன் கொடுக்கவில்லை என்பதைச் சார்ட்டிலும் பதிய வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்ற அவசரத்தில் பலர் இதைப் பார்க்காமல் விடுகிறார்கள். இது மதிப்பெண் குறைவதோடு நிற்காது, பாதுகாப்பற்ற செயல் என்று அந்த ஸ்டேஷனே போய்விடும்.

திட்டம் எழுதும்போது சுருக்கெழுத்து வேண்டாம். தேதி, நேரம், பெயர், கையெழுத்து, அடுத்து எப்போது மறுபரிசீலனை என்பது எல்லாம் இருக்க வேண்டும். தவறாக எழுதினால் கீழே இருப்பது படிக்கும்படி ஒரே கோடு மட்டும் இழுங்கள். கிறுக்கி மறைத்தால் மதிப்பெண் போகும்.

கை வேலை ஸ்டேஷன்களில் வாய் சுத்தம் செய்வது, சிறுநீர்க் குழாய் எடுப்பது, காயத்தைப் பார்த்துக் கட்டுவது, ஊசி, இதயம் நின்றவருக்கு உயிர்காப்பு என்று எது வேண்டுமானாலும் வரலாம். வாய் சுத்தம், படுக்கைப் புண் பார்ப்பது போன்றவற்றை நம் ஊரில் பெரும்பாலும் கூட இருக்கும் மனைவியோ மகளோ அட்டெண்டரோ பார்த்துக்கொள்வார்கள். அதனால் இவற்றை லேசாக எடுத்துக்கொண்டு ஊசியையும் கதீட்டரையும் மட்டும் பழகுவார்கள். பிரிட்டனில் இவை நர்ஸின் பொறுப்பு. ஆகவே இவற்றையும் அதே கவனத்தோடு பழகுங்கள். உயிர்காப்பில் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். மறப்பது பிரிட்டன் மருத்துவமனைகளின் உள் அவசர எண்ணான 2222-க்குக் கூப்பிடச் சொல்வதையும், எந்த வார்டு, எந்தப் படுக்கை என்று சொல்வதையும்தான்.

தேர்வு மையங்களின் இணையதளங்களில் மாதிரித் தாள்களும் எதற்கு மதிப்பெண் என்ற விவரமும் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் ஒருவரைப் படுக்கவைத்து, செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்து, போனில் வீடியோ எடுத்து, அந்த மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது.

ஆஸ்கி கட்டணம் 794 பவுண்டு. ஏழு ஸ்டேஷன் வரை தவறினால் அவற்றை மட்டும் 397 பவுண்டில் மறுபடி எழுதலாம். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு. வேலை விசாவில் போனவர்கள் வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முதல் தடவை எழுதிவிட வேண்டும்.

செலவு செய்யும் முன் ஒன்றை யோசியுங்கள். 2024 முதல் என்எச்எஸ் என்ற பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை வெகுவாகக் குறைத்துவிட்டன. ஆங்கில மதிப்பெண்ணும் சிபிடியும் இரண்டு வருடம்தான் செல்லும். வேலைக்கு வழி தெரியும் முன்பே எல்லாவற்றையும் எழுதி வைத்தால் காலாவதியாகி மறுபடி கட்ட நேரிடும். வேலை வாங்கித் தருகிறேன் என்று உங்களிடம் கட்டணம் கேட்கும் பிரிட்டன் ஏஜென்சி அந்த நாட்டுச் சட்டத்தையே மீறுகிறது, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஆஃபர் வந்தால், பாதியில் விலகினால் திருப்பித் தர வேண்டிய தொகை எவ்வளவு, எந்தெந்தச் செலவு அதில் சேரும், மாதாமாதம் அது எவ்வளவு குறையும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.