ஒரு கையெழுத்துக்காக அலைந்தது

மனச்சிதைவு நோயுள்ள என் அண்ணனுக்கு யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஒருவழியாக வந்துவிட்டது. இ-சேவை மையம், ஆதார், போட்டோ எல்லாம் சுலபமாக முடிந்தன. இழுத்தடித்தது மாற்றுத்திறன் சான்றுக்கு வேண்டிய மனநல மருத்துவரின் கையெழுத்து மட்டும்தான்.

கை, கால் பாதிப்பென்றால் எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே பார்க்க டாக்டர் இருக்கிறார். மனச்சிதைவுக்கு இல்லை. மாவட்டந்தோறும் மனநல சிகிச்சை தருவதற்கான அரசின் மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தொடங்கியது. இன்றும் எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஒரே டாக்டர்தான் கிழமை வைத்துச் சுற்றிவருகிறார். எங்கள் கிழமையில் அண்ணனைச் சமாதானப்படுத்தி, பஸ் மாறிக் கூட்டிப்போனால், "டாக்டர் இன்னிக்கு வேற ஊர் கேம்ப்புக்குப் போயிட்டாரும்மா, அடுத்த வாரம் வாங்க" என்றார் ஓ.பி. சீட்டு போடுபவர், தலை நிமிராமல். கூட்டத்தைக் கண்டாலே மிரளும் ஒருவரை அவ்வளவு தூரம் அழைத்துவருவதற்குள் என்ன பாடு என்று அவருக்குத் தெரியுமா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு டாக்டரைப் பார்த்தோம். அவர்மேல் ஒரு குறையும் சொல்லமாட்டேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றபோதும் அண்ணனிடம் பொறுமையாகப் பேசினார். பழைய சீட்டுகளைக் கேட்டார். ஐடியாஸ் என்ற அளவுகோலில்தான் மதிப்பிடுகிறார்கள்: தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. இவற்றோடு நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. முதலில் காட்டிய தனியார் டாக்டரின் சீட்டை அம்மா பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. பாதிப்பு, சலுகைகளுக்குத் தேவையான 40 சதவீதத்தைத் தாண்டியது.

சான்றுக்குப் போகிறவர்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளர் நம்பரை வாங்கி, முதல் நாளே டாக்டர் வருவாரா என்று கேட்டுவிடுங்கள். மாத்திரை தீரும்வரை காத்திருக்காதீர்கள். நடுவில் சந்தேகமென்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். சான்று மட்டும் நேரில்தான்.

இன்னொன்று. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-வது பிரிவைப் படியுங்கள். மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசு மனநல சேவை இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் பார்க்கும் செலவை அரசு ஏற்கவேண்டும் என்கிறது. எந்தக் கவுன்டரிலும் இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது தற்காலிகச் சான்று. காலம் முடிந்தால் மறுபடி அதே டாக்டரிடம், அதே கிழமையில் போய் நிற்கவேண்டும். இப்போதே ஒவ்வொரு ஓ.பி. சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் சேர்த்துவருகிறேன்.