மூன்று செயற்கைக்கோள், ஒரே தரைத்தடம்: இதுவரை வந்தது

எடுத்துக்கொண்ட கணக்கு இது: 60 டிகிரி வட அட்சத்தில் உள்ள ஒரு பகுதிக்கு எந்நேரமும் ஏதாவது ஒரு செயற்கைக்கோள் உச்சிக்கு அருகில் தெரிய வேண்டும். புவிநிலைப் பாதையில் (நிலநடுக்கோட்டுக்கு மேலே, வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் பாதை) ஒன்றே போதும், ஆனால் அங்கிருந்து பார்த்தால் அதன் ஏற்றக்கோணம் (தொடுவானத்திலிருந்து எவ்வளவு மேலே தெரிகிறது என்பது) அதிகபட்சம் 22 டிகிரிதான். நடுவில் ஒரு குன்றோ உயரமான கட்டடமோ வந்தால் போச்சு.

அதனால் டுண்ட்ரா பாதைக்குப் போனேன். சுற்றுக்காலம் அதே 23 மணி 56 நிமிடம்; பாதை மட்டும் சாய்ந்த நீள்வட்டம். சேய்மைப் புள்ளி, அதாவது பூமியிலிருந்து மிகத் தொலைவான இடம், வடக்கே இருப்பதால், கெப்ளர் விதிப்படி செயற்கைக்கோள் அங்கேதான் மெதுவாக நகரும். 2000-இல் ஏவப்பட்ட சிரியஸ் வானொலிக் கோள்கள் மூன்றும் இந்த வகைப் பாதையில்தான் இயங்கின. அவற்றை ஒட்டியே என் எண்களையும் வைத்தேன்: மையத்தொலைத்தகவு (நீள்வட்டம் எவ்வளவு நீண்டது என்பதன் அளவு) 0.2684, நிலநடுக்கோட்டுத் தளத்திலிருந்து சாய்வு 63.4 டிகிரி, உயரம் சுமார் 24,500 கி.மீ முதல் 47,100 கி.மீ வரை.

மூன்றும் ஒரே தரைத்தடத்தில் (கோளுக்கு நேர் கீழே உள்ள புள்ளி தரையில் வரையும் கோடு) வர வேண்டும் என்றால், ஒவ்வொன்றின் ஏறுகணுவையும் (பாதை நிலநடுக்கோட்டைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கும் இடம்) 120 டிகிரி கிழக்கே தள்ளி, பாதைக்குள் கோளை அதே 120 டிகிரி பின்னுக்கு இழுக்க வேண்டும். பூமி சுழலும் அளவும் கோள் பிந்தும் அளவும் சரிக்குச் சரியாகிவிடும். பைத்தானில் வரைந்ததும் தரைத்தடம் அழகான ஒற்றை 8 வடிவமாக வந்தது. ஆளுக்கு எட்டு மணி நேரம் வேலை. ஏற்றக்கோணம் 72 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை.

அப்புறம் சும்மா இருக்கட்டும் என்று கோள்களுக்கு இடையிலான தூரத்தையும் அச்சிட்டேன். ஒன்று வேலையை முடித்து அடுத்தது தொடங்கும் நொடியில் அந்தத் தூரம் கிட்டத்தட்ட பூஜ்யம்! சேய்மைப் புள்ளிக்கு நான்கு மணி நேரம் முன்னும் பின்னும் கோள் இருக்கும் இடம் ஒன்றே. 45 டிகிரி அட்சத்தில் 8 தன்னைத்தானே வெட்டும் புள்ளி அது. பூமியின் மையத்திலிருந்து தூரமும் சமம். ஏறுகிற கோளும் இறங்குகிற கோளும் அங்கே முட்டிக்கொள்ளும். தரையில் இருப்பவருக்கு இது வரம்தான், கோள் மாறும்போது ஆன்டெனாவை அசைக்கவே வேண்டாம். மேலே இருக்கும் கோள்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

மையத்தொலைத்தகவை 0.3 ஆக்கினேன். வெட்டும் புள்ளி நகர்ந்துவிட, மாறும் நேரத்தில் இடைவெளி சுமார் 2,300 கி.மீ ஆனது. ஆன்டெனா 3 டிகிரி திரும்பினால் போதும். ஏற்றக்கோணமும் கொஞ்சம் கூடி 74-ஐத் தாண்டியது. ஏறுகணுக்களை ஓரிரு டிகிரி மாற்றி வைத்தும் இதைச் சமாளிக்கலாம், ஆனால் தடம் மூன்றாகப் பிரியும். எனக்கு அது பிடிக்கவில்லை.

சாய்வு ஏன் 63.4 என்பதையும் சோதித்தேன். பூமியின் நடுப்பகுதிப் புடைப்பு, சேய்மைப் புள்ளியைத் திருப்பிக்கொண்டே இருக்கும். இந்தச் சாய்வில் அந்தத் திருப்பம் நின்றுவிடும். 50 டிகிரி கொடுத்துப் பார்த்தால், இன்னும் நீண்ட நீள்வட்டமான 12 மணி நேர மோல்னியா பாதையில் ஆண்டுக்கு 60 டிகிரிக்கு மேல் ஓடுகிறது. டுண்ட்ராவில் 3 டிகிரி அளவுதான். ஆக, இவ்வளவு உயரத்தில் சாய்வைக் கொஞ்சம் குறைக்க இடமிருக்கிறது.

இரண்டே கோள்களை வைத்தும் ஓட்டினேன். மாறும் நேரத்தில் 52 டிகிரி ஏற்றக்கோணம் கிடைக்கிறது, நான் எதிர்பார்த்ததை விட நல்ல எண். ஒன்று பழுதானால் பாதி நாள் கையை விட்டுப் போகும் என்பதால் மூன்றையே வைத்துக்கொள்கிறேன். அடுத்து நிலா, சூரியன் ஈர்ப்பையும் சேர்த்து ஓட்ட வேண்டும்.