நாலாம் நம்பர் ஹைபிரிட் ஏன் ஒத்துவரவில்லை?

“சார், இந்த ஹைபிரிடை எடுக்காதீங்க. ஏழாம் நம்பரை ரெண்டு தடவை அடிச்சாலே போய்ச் சேர்ந்துடலாம்.”

நந்தனம் கோல்ஃப் மைதானத்தில், என் பையைத் தூக்கி வரும் கேடி (உதவியாளர்) இதைச் சொன்னபோது பந்து நல்ல புல்லில்தான் கிடந்தது. குழியில் நட்ட கொடிக்கு 170 யார்டு. அந்தத் தூரத்துக்கென்றே வாங்கிய, தலை தடித்த கிளப் (மட்டை) அந்த ஹைபிரிட். அவர் முப்பது வருஷமாக மற்றவர்கள் அடிக்கும் பந்தைப் பார்த்து வருகிறவர். நான் ஆட வந்து பத்து வருஷம்தான் ஆகிறது. அவர் பேச்சை நான் தட்டுவதில்லை. அதைவிடக் குட்டையான, மெலிந்த தலை உள்ள ஏழாம் நம்பர் அயர்னைக் கையில் வாங்கிக்கொண்டேன். ஆனால் வீடு வந்து சேரும்வரை ஒரே யோசனை. என் ஸ்விங்தான் சரியில்லை என்றால் எல்லாக் கிளப்பிலும் கோளாறு தெரிய வேண்டுமே? இது ஒன்றில் மட்டும் பந்து ஏன் எப்போதும் தாழ்வாக, வலப்பக்கமாகவே ஓடுகிறது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் என் பையில் இருந்த ஷாஃப்டில் (கிளப்பின் தண்டு) பெரும்பாலானவை மாறிவிட்டன. ஷாஃப்ட் ஃப்ளெக்ஸ், அதாவது தண்டு எவ்வளவு வளையும் என்பது பற்றிப் பேச்சு வந்தால் நம் ஆட்கள் “நீங்க ஸ்டிஃபா, ரெகுலரா?” என்று கேட்பதோடு முடித்துவிடுகிறார்கள். அது ஆளைப் பொறுத்து மட்டும் வருவதில்லை. ஒரே ஆளுக்கு, முதல் நீள அடிக்கான டிரைவருக்கு ஒரு பதில், அயர்னுக்கு ஒரு பதில், கிட்டத்து அடிக்கான வெட்ஜுக்கு வேறொரு பதில் வரும். எனக்கு அது புரியக் கொஞ்ச காலம் பிடித்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் என் பையின் கதை. விதிப்படி 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம். என்னுடையவை ஒரே நாளில் வாங்கியவை கிடையாது. டிரைவர், மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதன் ஷாஃப்ட் 65 கிராம், ஸ்டிஃப். அயர்ன் செட் ஒரு பெரியவரிடமிருந்து கைமாறி வந்தது. ரெகுலர்தான், ஆனால் ஒவ்வொரு ஷாஃப்டும் 130 கிராமைத் தொடும் கனமான ஸ்டீல். ஹைபிரிடுக்குத் தலையைத் தனியாகவும் ஷாஃப்டைத் தனியாகவும் வாங்கி, ஒரு கடையில் பொருத்தச் சொன்னேன். வெட்ஜ் இரண்டும் கடையில் இருந்ததை அப்படியே எடுத்தது. எதை வாங்கும்போதும் என் கண் தலையின் மேல்தான் இருந்தது. ஷாஃப்டில் என்ன எழுத்து என்று ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

அந்த எழுத்துகள் ஆடுகிற எல்லோருக்கும் தெரிந்தவை. எல் பெண்களுக்கு, ஏ வயதானவர்களுக்கு, ஆர் ரெகுலர், எஸ் ஸ்டிஃப், எக்ஸ் அதற்கும் மேலே. டிரைவரை மணிக்கு 85 முதல் 95 மைல் வேகத்தில் சுழற்றுகிறவருக்கு ஆர், 95 முதல் 105 வரை எஸ் என்று ஒரு பொதுக் கணக்கும் உண்டு. எனக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றுதான்: இந்த எழுத்துகளுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஆர், இன்னொரு கம்பெனியின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கும். ரெடிமேட் சட்டையில் எக்ஸ்எல் என்று போட்டிருப்பது மாதிரி. உடம்பில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது அங்கே, கிளப்பை ஆளுக்கேற்ப அளந்து பொருத்தித் தரும் ஒரு ஃபிட்டிங் ஸ்டூடியோவில் நேரம் வாங்கினேன். ஃபிட்டர் சேலத்துப் பையன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பை முழுவதையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். போனதும் பந்து அடிக்கச் சொல்வார் என்று கையுறையெல்லாம் மாட்டிக்கொண்டு நின்றேன். அவரோ கிளப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு மிஷினில் பூட்ட ஆரம்பித்தார்.

கிரிப் (கைப்பிடி) பக்கத்தை அது இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, தலைப் பக்கம் அந்தரத்தில் நிற்கிறது. தலையை விரலால் கீழே அழுத்தி விட்டார். வீணைத் தந்தியைச் சுண்டியது போல் ஷாஃப்ட் மேலும் கீழும் அதிர்ந்தது. இரண்டு நொடியில் திரையில் ஓர் எண். நிமிடத்துக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு அது, சிபிஎம் என்கிறார்கள். எண் கூடக் கூட விறைப்பு கூடுதல். ஐந்தாம் நம்பர் அயர்ன் 298 காட்டியது. ஏழாம் நம்பர் 307, ஒன்பதாம் நம்பர் 316.

“உங்க அயர்ன் செட் கனமா இருந்தாலும் வரிசை சுத்தமா இருக்கு சார். கிளப் அரை இஞ்ச் குறைஞ்சா நாலு சொச்சம் ஏறணும். அப்படியே ஏறுது பாருங்க.”

அப்புறம் ஹைபிரிடைப் பூட்டினார். 306. ஒன்றும் பேசாமல் கழற்றி, மறுபடி பூட்டி, மறுபடி அழுத்தினார். அதே 306.

என் நாலாம் நம்பர் ஹைபிரிட், ஐந்தாம் நம்பர் அயர்னைவிட ஒன்றரை இஞ்ச் நீளம். படிக்கட்டு ஒழுங்காக இருந்தால் 285 பக்கம் வர வேண்டும். அது ஏழாம் நம்பர் அயர்ன் அளவுக்கு விறைத்துக்கொண்டு நின்றது. ஸ்டிக்கரில் எஸ் என்று இருந்தது, அதை வைத்துப் பார்த்தாலும் அதிகம். அவர் ரேக்கிலிருந்து அதே மாடலில் வெட்டாத ஷாஃப்ட் ஒன்றை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் படுக்க வைத்தார். கம்பெனி பெயர் தொடங்கும் இடம், என்னுடையதில் தலையை நோக்கி இரண்டு விரல்கடைக்கு மேல் இறங்கியிருந்தது. எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பொருத்தக் கொடுத்தபோது ஷாஃப்ட் நீளமாக இருக்கிறது, கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்லியிருந்தேன். கிரிப் பக்கம் வெட்டியிருக்க வேண்டியதை நுனிப் பக்கம் வெட்டிவிட்டார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், நிறையவே. ஷாஃப்ட் தலைப்பக்கம்தான் மெலிசு, அங்கேதான் அதிகம் வளையும். அந்த மெலிந்த பகுதியை வெட்டி எறிந்தால் மிச்சமிருப்பது தடிமனான பகுதி. அதனால் நுனி வெட்டு விறைப்பைக் கூட்டும். இதையே ஒரு வித்தையாகவும் பயன்படுத்துகிறார்கள். 0.370 இஞ்ச் நேர்நுனி அயர்ன் ஷாஃப்டுகளை ஒரே மாதிரி தயாரித்துவிட்டு, ஐந்துக்குக் கொஞ்சம், ஆறுக்கு இன்னும் கொஞ்சம், ஏழுக்கு மேலும் கொஞ்சம் என்று நுனியை வெட்டித்தான் வரிசை உண்டாக்குகிறார்கள். 0.355 கூர்நுனி வகை வேறு. ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாகவே வரும், நுனியில் கை வைக்கக் கூடாது. நீங்கள் எங்காவது ஷாஃப்ட் மாற்றக் கொடுத்தால், எந்தப் பக்கம் எவ்வளவு வெட்டப் போகிறார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. அதன் விலை இரண்டு வருஷம்.

அதற்குப் பிறகுதான் டிரைவர். தலையின் முகத்தில் வெள்ளைப் பவுடர் ஸ்பிரே அடித்துவிட்டு, ஐந்து ஐந்து பந்தாக அடிக்கச் சொன்னார். என் பழைய 65 கிராம் எஸ்ஸில் வேகம் 88 மைல், பந்து தாழ்வாகக் கிளம்பி, காற்றில் 192 யார்டு. பவுடரில் பதிந்த தடங்கள் குதிப் பக்கமும் முனைப் பக்கமுமாகச் சிதறிக் கிடந்தன. 55 கிராம் ஆர் மாட்டியதும் வேகம் 90 ஆனது, பந்து 13 டிகிரியில் எழும்பியது, 205 யார்டு. தூரத்தைவிட என்னைச் சந்தோஷப்படுத்தியது அந்தப் பவுடர்தான். ஐந்து தடத்தில் நாலு, ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம் போல நடுவில் ஒன்றாகப் பதிந்திருந்தன. ஏ ஃப்ளெக்ஸையும் அடித்துப் பார்த்தேன். இன்னும் உயரம் போனது, ஆனால் இடப்பக்கம் இழுத்தது. ஐந்தில் இரண்டு மைதானத்துக்கு வெளியே போயிருக்கும். ஆர் போதும் என்று நிறுத்திக்கொண்டோம்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த 13 யார்டு முழுக்க ஃப்ளெக்ஸால் வந்தது கிடையாது. 10 கிராம் எடை குறைந்ததற்கும் அதில் பங்கு உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு எதனால் மாறியது என்று தெரியாமல் முழிக்கிறவர்கள் நிறையப் பேர். அதனால் 55 கிராமிலேயே எஸ்ஸையும் வாங்கி அடித்துப் பார்த்தேன். தூரம் ஐந்து யார்டுதான் குறைந்தது, ஆனால் பந்து மறுபடி வலப்பக்கம் போக ஆரம்பித்தது. எனக்கு ஆர் என்பது அப்போது உறுதியானது.

அயர்னுக்கும் இதே மாதிரி பெரிய மாற்றம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. காரணத்தைக் கேட்டேன். டிரைவர் தலை பெரிது, அதன் எடை மையம் ஷாஃப்டின் கோட்டிலிருந்து நன்றாகப் பின்னால் தள்ளி இருக்கிறது. வேகமாகச் சுழலும்போது அந்த எடை ஷாஃப்டோடு ஒரே கோட்டுக்கு வரப் பார்க்கும். அந்த இழுப்பில், பந்தைத் தொடும் நேரத்தில் ஷாஃப்ட் முன்பக்கமாக வளைந்து முகத்தை மேல்நோக்கித் திருப்புகிறது. விறைப்புக் குறைந்த ஷாஃப்ட் கூடுதலாக வளைவதால்தான் பந்து உயரம் எழும்புகிறது. அயர்ன் தலை மெலிசு, எடை மையம் கோட்டை ஒட்டியே இருக்கிறது, நீளமும் குறைவு, வேகமும் குறைவு. ஆகவே அந்த வளைவு சின்னது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, டிரைவருக்கு எழுத்தில் கவனம், அயர்னுக்கு எடையில் கவனம் என்று மனதில் பிரித்து வைத்துக்கொண்டேன்.

எடை விஷயத்தில் என் உடம்பே சாட்சி. பன்னிரண்டாம் குழி தாண்டினால் முழங்கை வலிக்கும். 130 கிராமிலிருந்து சுமார் 95 கிராம் வரும் நிப்பான் கம்பெனியின் 950ஜிஹெச் ஸ்டீல் ஷாஃப்ட், ஆர் ஃப்ளெக்ஸுக்கு மாறினேன். அதற்கும் கீழே, 65 கிராம் கிராஃபைட் கொடுத்துப் பார்த்தார்கள். கைக்கு இதமாகத்தான் இருந்தது, ஆனால் தலை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் மேலிருந்து அவசரப்பட்டேன். இது என் சுபாவம். நிதானமாகத் தொடங்குகிற ஒருவருக்கு அது பொருந்தியிருக்கும். வேகம் 88 என்று மீட்டர் சொல்லும், கீழே இறங்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் நீங்கள் வெட்டி இழுப்பவரா, மெல்ல இறக்குபவரா என்பதை அது சொல்லாது. பக்கத்தில் நின்று பார்க்கிற ஒரு மனிதர் வேண்டும்.

மர ஷாஃப்ட் காலத்தில் இதெல்லாம் இன்னும் பெரிய பாடாக இருந்திருக்கும். கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு ஸ்டீலை 1929-இல்தான் அனுமதித்தது. அதுவரை ஹிக்கரி மரம். இரண்டு தடி ஒரே மாதிரி வளையாது. கையால் வளைத்து, ஆட்டிப் பார்த்துத்தான் இணங்குகிறவற்றைப் பொறுக்க வேண்டும். இன்று அந்த வேலையை ஒரு மிஷின் இரண்டு நொடியில் செய்துவிடுகிறது.

ஹைபிரிடுக்குப் புது ஷாஃப்ட், 75 கிராம், ஆர். மிஷினில் 286. மூணாம் நம்பர் ஃபேர்வே வுட்டுக்கு (டிரைவருக்கு அடுத்த நீளக் கிளப்) 65 கிராம் ஆர். அதன் தலை டிரைவர் தலையைவிடக் கனம் என்பதால் நுனியில் அரை இஞ்ச் வெட்டினார்கள், இந்த முறை என்னைக் கேட்டு. இப்போது டிரைவர் 55, வுட் 65, ஹைபிரிட் 75, அயர்ன் 95 என்று எடையும் படிப்படியாக ஏறுகிறது. பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டரின் ஷாஃப்டைத் தொடவில்லை. அந்த மெல்லிய தட்டுக்கு ஃப்ளெக்ஸ் ஒரு பொருட்டில்லை.

வெட்ஜில்தான் நான் ஃபிட்டரோடு கொஞ்சம் வாதாடினேன். கடையில் கிடைக்கும் வெட்ஜ் பெரும்பாலும் ‘வெட்ஜ் ஃப்ளெக்ஸ்’ என்ற பெயரில் கனமான, விறைப்பான ஸ்டீலோடுதான் வருகிறது. 95 கிராம் அயர்னிலிருந்து நேராக அங்கே போனால் கை திடுக்கிடுகிறது. அவர் இரண்டையும் மாற்றச் சொன்னார். நான் யோசித்தேன். முகம் 52 டிகிரி சாய்ந்த வெட்ஜை அயர்ன் மாதிரி முழு ஸ்விங்கில் அடிக்கிறேன், அதனால் அதற்கு அயர்னில் போட்ட அதே 950-ஐப் போடச் சம்மதித்தேன். 56 டிகிரியை மணலிலும், குழி இருக்கும் வழவழப்பான புல்தரையான கிரீனைச் சுற்றி அரை ஸ்விங்கிலும்தான் எடுக்கிறேன். அங்கே அந்தக் கனம் எனக்குப் பிடித்திருக்கிறது, மணலில் தலை தானாக உள்ளே போகிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டேன். எட்டு மாதம் கழிந்தும் அந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை.

சென்னை திரும்பிய முதல் ஞாயிறு கேடி அண்ணன் பையைத் தூக்கினார். தூக்கியவுடனே, “என்ன சார், லேசா இருக்கு?” என்றார். ஹைபிரிடை உருவி, தரையில் ஊன்றி லேசாக வளைத்துப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன், எழுத்து கீழே இறங்கியிருந்ததையும் சேர்த்து. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று 170 யார்டில் அந்தக் கிளப்பை அவரே எடுத்துக் கொடுத்தார். பந்து கிரீனுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் விழுந்தது.

அடுத்த வாரம் டீ கடையில் அவரே பேச்செடுத்தார். “இன்னொரு சாருக்குப் பை தூக்குறேன்ல, எழுபது வயசு. அவரோட அஞ்சாம் நம்பர் வுட் எப்பவும் வலப்பக்கம்தான் போகும். நேத்து அளந்து பார்த்தேன் சார். மூணாம் நம்பர்ல கம்பெனி பேர் தலைக்கு ஒரு ஜாண் மேல இருக்கு, அஞ்சாம் நம்பர்ல நாலு விரல்தான் இருக்கு. அடுத்து எப்ப பெங்களூர் போறீங்க?”