ஜித்தாவுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்

போடிநாயக்கனூரிலும் மலைக்கு மேலே புற்றடியிலும் மின்னணு ஏலத்தில் கைமாறும் ஏலக்காய் கடைசியாக எந்த வீட்டு அடுப்படிக்குப் போய்ச் சேர்கிறது என்று எங்கள் பகுதி வியாபாரிகளில் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வதில்லை. எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நல்ல பச்சைக் காய்க்கு விலை கூடுதல், அது வளைகுடாவுக்குப் போகிறது என்ற அளவோடு நின்றுவிடுகிறோம். இப்போது இடையில் யாரும் இல்லாமல் சவூதி அரேபியாவுக்குத் தாங்களே அனுப்ப விரும்பும் இளைஞர்கள் சிலர், புறப்படும் முன் அந்த நாட்டைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று என்னிடம் கேட்கிறார்கள். ஏற்றுமதிப் பதிவு, ஸ்பைசஸ் போர்டுச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு வழிகாட்ட ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். என் யோசனை ஒன்றுதான்: நம் சரக்கு அங்கே என்னவாகிறது என்பதிலிருந்து அந்த நாட்டைப் படிக்கத் தொடங்குங்கள்.

அங்கே ஏலக்காய் பாயசத்தில் இரண்டு தட்டிப் போடும் பொருள் அன்று. லேசாக மட்டும் வறுத்த காப்பிக் கொட்டையோடு தட்டிய ஏலக்காயைச் சேர்த்துக் கொதிக்க வைத்து, சில வீடுகளில் கிராம்பும் குங்குமப்பூவும் சேர்த்து, பாலும் சர்க்கரையும் இல்லாமல் பேரீச்சம்பழத்தோடு கொடுப்பதே அவர்களுடைய கஹ்வா. விருந்தாளியை வரவேற்பதற்கும், துக்கம் கேட்க வந்தவரை உட்கார வைப்பதற்கும், வியாபாரம் பேசுவதற்கும் அதுவே முதலில் வருகிறது. சவூதி, ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், கத்தார் ஆகிய நான்கு நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ 2015-இல் இந்த வழக்கத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஊற்றுபவர் இடக்கையில் கூஜாவையும் வலக்கையில் கைப்பிடியில்லாத சிறு கிண்ணத்தையும் பிடித்திருப்பார். நாம் வலக்கையால்தான் வாங்க வேண்டும். கிண்ணத்தை நிரப்ப மாட்டார்கள், அடிப்பகுதியில் கொஞ்சமே ஊற்றுவார்கள். போதும் என்றால் வெறும் கிண்ணத்தை இலேசாக ஆட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இதை வெறும் மரியாதைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கிண்ணத்தில் இருப்பது நம் மலையின் உடும்பன்சோலைக் காயாகக்கூட இருக்கலாம். அதன் மணமும் பச்சை நிறமும் அந்த வீட்டின் கௌரவம் என்று புரிந்துகொண்டால்தான், வெளுத்த காய்க்கு அவர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பதும், ஸ்டோர் என்று நாம் சொல்லும் உலர்கூடத்தில் காய் உலர்த்தும்போது நிறத்துக்காக நாம் படும் பாட்டின் அர்த்தமும் விளங்கும்.

இதையெல்லாம் அறிய விலையுயர்ந்த ஆலோசகர்களைத் தேட வேண்டியதில்லை. மலை ஏறினால் நெடுங்கண்டத்திலும் கட்டப்பனையிலும் வளைகுடாவில் இருந்து திரும்பிய ஓட்டுநர்களும் செவிலியர்களும் வீட்டு வேலை பார்த்தவர்களும் இருக்கிறார்கள். வியாபாரப் புத்தகங்கள் சொல்லாத வீட்டு உள்விவரம் அவர்களிடம் இருக்கிறது. ரியாத்தில் ஒரு குடும்பத்துக்கு வண்டி ஓட்டிய ஒருவர் என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, காப்பியில காய் குறைஞ்சா அந்த அம்மா சமையல்காரியைத்தான் கேப்பாங்க, காய் வெளுத்திருந்தா கடைக்காரனையே போன்ல கூப்பிட்டுக் கேப்பாங்க." வாங்குபவரின் மனத்தை இதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் எனக்குக் காட்டியதில்லை.

அடுத்தது காலக்கணக்கு. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2013 வரை அது வியாழனும் வெள்ளியுமாக இருந்தது. ஆகவே நாம் ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்திருக்கும்போது அவர்கள் வாரத்தின் முதல் நாள் வேலையில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை நாம் அனுப்பும் கேள்விக்கு ஞாயிறன்றுதான் பதில் வரும். ஹிஜ்ரி ஆண்டு நிலவைப் பின்பற்றுவதால் ரமலான் நம் நாட்காட்டியில் ஒவ்வோர் ஆண்டும் பத்து பதினொரு நாள் முன்னால் நகரும். 2030-இல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக இரண்டு ரமலான் தொடங்கும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் தொழிலாளர்களுக்கு வேலை நேரம் நாளுக்கு ஆறு மணி நேரமாகக் குறைகிறது, இரவில் கடைத்தெரு விழித்திருக்கிறது, ஏலக்காய்ச் செலவும் கூடுகிறது. சரக்கு அதற்கு முன்பே கடைகளில் இருக்க வேண்டும் என்பதால், நம் அறுவடைப் பருவத்தோடு அந்த மாதம் எந்த ஆண்டு பொருந்துகிறது, எந்த ஆண்டு விலகுகிறது என்று இப்போதே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. முதல் அறிமுகத்துக்காகப் போகிறவர்கள் ரமலானையும் ஹஜ் காலத்தையும் தவிர்த்துவிடலாம்.

வரைபடத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். ஜித்தா செங்கடல் கரையில், தம்மாம் வளைகுடாக் கரையில், ரியாத் இரண்டுக்கும் நடுவே பாலை நிலத்தில் இருக்கின்றன. தம்மாமுக்குப் போகும் கப்பல் ஹோர்முஸ் நீரிணையையும், ஜித்தாவுக்குப் போகும் கப்பல் ஏமனை ஒட்டிய பாபுல் மந்தப் நீரிணையையும் கடக்க வேண்டும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபோது பெரிய கப்பல் நிறுவனங்கள் பல அந்தப் பாதையை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றின. எந்தத் துறைமுகத்துக்கு அனுப்புவது என்ற கேள்வியில் இப்படிப் போரும் புவியியலும் வந்துவிடுகின்றன. ஜித்தாவின் பழைய வணிகக் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகம் ஏமனின் ஹத்ரமௌத். மலபாரில் வாழ்ந்த இஸ்லாமியப் பெரியவர் மம்புறம் தங்ஙளும் அதே ஹத்ரமௌத்தின் தரீம் நகரில் பிறந்தவர்தாம். நம் மலைகளுக்கு அப்பாலுள்ள கடற்கரைக்கும் அந்த நாடுகளுக்கும் இருந்த போக்குவரத்து எண்ணெய் கண்டுபிடிக்கப்படுவதற்கு எவ்வளவோ முந்தையது.

சட்டத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மாதிரிக்காக மசாலாப் பொருட்களை எடுத்துச் செல்கிறவர்கள் கசகசாவை ஒரு சிட்டிகைகூட எடுத்துச் செல்லக் கூடாது. நம் வீட்டுக் குருமாவில் அரைத்துப் போடும் அந்தப் பொருள் அங்கே போதைப்பொருள் குற்றம். வீட்டில் அரைத்த பொடியில் அது கலந்திருக்கிறதா என்று அம்மாவிடமோ மனைவியிடமோ கேட்டுவிட்டே பெட்டியைக் கட்டுங்கள். பூச்சிமருந்து எச்சமும் அதே கண்டிப்போடு பார்க்கப்படுகிறது. 2018-இல் சவூதி இந்திய ஏலக்காய்க்குத் தடை விதித்தபோது அடி விழுந்தது தோட்டக்காரர், வியாபாரி என்று எல்லோர் மீதும்தான். எந்த மருந்து, எவ்வளவு எச்சம் வரை அனுமதி என்ற பட்டியலைத் தோட்டக்காரர் கையில் முன்பே கொடுப்பது நம் பொறுப்பு.

பணத்தைப் பொறுத்தவரை, 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்ற மதிப்பு மாறாமல் இருப்பதால் டாலரில் பேசுவதற்கு அவர்கள் தயங்குவதில்லை. முதல் சரக்குக்கு வங்கிக் கடனுறுதிக் கடிதமோ (எல்.சி.) ஏற்றுமதிக் கடன் காப்பீடோ இல்லாமல் அனுப்ப வேண்டாம்.

கடைசியாக, சவூதியைப் படிக்கிறவர்கள் குவாத்தமாலாவையும் படிக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் அங்கே கொண்டுபோன நம் செடி, ஆல்டா வெராபாஸ் மலைகளில் பரவி, அந்த நாட்டை உலகின் முதன்மையான ஏலக்காய் ஏற்றுமதி நாடாக்கிவிட்டது. அந்த மக்கள் அதை அதிகம் உண்பதில்லை, விளைவதில் பெரும்பகுதி கப்பலேறுகிறது. நம் காய்க்கோ உள்நாட்டிலேயே பெரிய சந்தை இருப்பதால் விலை பெரும்பாலும் அவர்களுடையதைவிடக் கூடுதலாகவே நிற்கும். நம்மோடு பேசும் அரபு வியாபாரிக்கு இரண்டு விலையும் தெரியும். ஆகவே போய் இறங்கியதும், அந்தப் பருவத்தில் குவாத்தமாலாக் காய் என்ன விலைக்கு, என்ன நிறத்தில் வந்திருக்கிறது என்று மொத்தக் கடைகளில் விசாரித்து, காயைக் கையில் எடுத்து உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, அதன் பிறகே உங்கள் மாதிரிப் பொட்டலத்தைப் பிரியுங்கள்.