43ஆம் பக்கத்து மஞ்சள் கறை

பழைய சாமானை இணையத்தில் விற்கப் போடுகிறவர்களுக்கு இப்போதெல்லாம் வேலை ரொம்பக் குறைவு. புத்தகமென்றால் பின்னட்டையிலுள்ள பார்கோடு கோடுகளுக்கு நேராகக் கைபேசியைக் காட்டினால் தலைப்பு, எழுத்தாளர், பக்கங்கள், அட்டைப்படம் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். விவரம் எழுதும் பெட்டிக்கு, வேறு யாரோ போட்டதிலிருந்து வழித்தெடுத்து ஒட்டிவிடலாம். விலையைத் தட்டினால் முடிந்தது. இதில் எனக்குப் பாதி பிடிக்கும், பாதி அறவே பிடிக்காது.

நான் பள்ளி நூலகம் ஒன்றில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு சிங்கப்பூரில், செங்காங் வட்டாரத்தில். எங்கள் புளோக்கில் வீடு மாறுகிறவர்கள், பிள்ளைகள் பள்ளி முடித்தவர்கள் எல்லாரும் "ஆன்ட்டி, இதைக் கொஞ்சம் போட்டுவிடுங்களேன்" என்று பையோடு வந்துவிடுவார்கள். வீடு வீடாக வந்து பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரிடம் கொடுத்தால் எடைக்குச் சில காசுதான் தேறும். ஆகையால் எங்கள் வீட்டு பாம் ஷெல்டரில், அதாவது குண்டுவீச்சுக்கான பாதுகாப்பு அறையில், பாதி ஊரார் சாமான். மீதிப் பாதியில் என் கணவரின் தூண்டில்கள். எல்லை எது என்பதில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

பிடித்த பாதியை முதலில் சொல்கிறேன். பல்கலைக்கழகப் பிள்ளைகள் பாடநூல் வாங்க வரும்போது தலைப்பைக் கேட்பதில்லை, ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் அடையாள எண், என்ன என்றுதான் கேட்கிறார்கள். சரியான கேள்வி. தலைப்பும் எழுத்தாளரும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் கெட்டி அட்டைக்கு ஓர் எண், மெல்லிய அட்டைக்கு ஓர் எண், மூன்றாம் பதிப்புக்கு ஒன்று, நான்காம் பதிப்புக்கு ஒன்று. இந்தியாவில் விற்பதற்கென்று அச்சிடும் மலிவுப் பதிப்புக்கு இன்னொன்று. அது பெரும்பாலும் 978-81 என்றோ 978-93 என்றோ தொடங்கும். இங்கே பதிப்பித்தவை 978-981, பழையதாக இருந்தால் 9971. சிங்கப்பூரில் இந்த எண்களைக் கொடுப்பது தேசிய நூலக வாரியம்.

ஒரு பையன் சென்னையில் வாங்கிய பொறியியல் கணிதப் புத்தகத்தை என்னிடம் கொடுத்திருந்தான். தலைப்பை வைத்துத் தேடினால் அமெரிக்கக் கெட்டி அட்டைதான் படத்தோடு வந்து நிற்கிறது, விலையும் ஆளை மயக்குகிறது. பின்னட்டை எண்ணோ 978-81. இரண்டுக்கும் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இந்த மாதிரிப் பதிப்புகளில் சில சமயம் பயிற்சிக் கணக்குகளின் வரிசையை மாற்றிவிடுவார்கள். விரிவுரையாளர் ஏழாவது கணக்கைப் போடச் சொன்னால் இவன் வேறு ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டிருப்பான். எண்ணைப் பார்த்துப் போட்டதால் வாங்கிய பெண்ணுக்குத் தனக்கு என்ன வரப்போகிறது என்பது முன்பே தெரிந்திருந்தது.

பத்து இலக்க எண் உள்ள புத்தகங்களில் ஒரு வம்பு உண்டு. 2007 ஜனவரியில்தான் 13 இலக்கம் வந்தது. அதற்கு முந்தைய புத்தகத்தின் எண்ணுக்கு முன்னால் 978 சேர்த்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தளம் ஏற்காது. கடைசி இலக்கத்தையும் மறுபடி கணக்கிட வேண்டும், ஏனென்றால் அது சரிபார்க்கும் இலக்கம். கணக்கு இவ்வளவுதான்: முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடத்து எண்களைக் கூட்ட வேண்டும், இரட்டைப்படை இடத்து எண்களைக் கூட்டி மூன்றால் பெருக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து, அடுத்த பத்தின் மடங்கைத் தொட எவ்வளவு குறைகிறதோ அதுதான் 13ஆவது. சாமான்களின் பார்கோடுக்கும் இதே கணக்குதான். நானே இட்டுக்கட்டிய ஓர் எண்ணை வைத்துச் சொன்னால், 888123456789க்கு 36, அப்புறம் 33 பெருக்கல் 3 என்று 99, மொத்தம் 135. 140க்கு ஐந்து குறைகிறது, ஆகவே கடைசி இலக்கம் 5.

ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் இந்தக் கணக்கு கட்டாயம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும். ஆனால் 1, 6 அல்லது 2, 7 என்று ஐந்து வித்தியாசமுள்ள ஜோடி இடம் மாறினால் கோட்டை விட்டுவிடும். பழைய பத்து இலக்க முறை பதினொன்றால் வகுத்துப் பார்ப்பது. அதற்கு இந்த ஓட்டை கிடையாது. சில பழைய புத்தகங்களின் எண் எக்ஸ் என்ற எழுத்தில் முடிவது அந்தக் கணக்கால்தான். மீதி பத்து வந்தால் ஓர் இலக்கத்தில் எழுத வேறு வழியில்லை. நூலகத்தில் வேலை பார்த்தவளுக்கு இதெல்லாம் இனிக்கும். உங்களுக்குக் கொட்டாவி வந்தால் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்.

சாமான் பார்கோடில் ஆட்கள் குழம்புகிற இடம் முதல் மூன்று இலக்கம். 888 என்றால் சிங்கப்பூர், 890 என்றால் இந்தியா, 955 என்றால் மலேசியா. சரிதான், ஆனால் அது பார்கோடு எண் வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் எந்த நாட்டுக் கிளையிடம் அந்த நிறுவனம் எண் வாங்கியது என்பதைத்தான் சொல்லும். சாமானைச் செய்த ஊரைச் சொல்லாது. "890 இருக்கிறது, அசல் இந்தியத் தயாரிப்பு" என்று விளம்பரத்தில் எழுதுகிறவர்கள் பெட்டியின் அடியில் உள்ள சின்ன எழுத்தையும் ஒரு தடவை படிப்பது நல்லது. அதேபோல 2இல் தொடங்கும் எண்ணைக் கண்டால் நிறுத்துங்கள். 20 முதல் 29 வரை கடைகள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கியவை. அசல் பார்கோடு மேல் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கராக இருக்கலாம். மெதுவாக உரித்தால் அடியில் உண்மையானது இருக்கும்.

இந்தக் கோடுகளைக் கடையில் முதன்முதலாகப் படித்து விற்றது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில். விற்ற பொருள் ஒரு பொட்டலம் சூயிங் கம். 1992இலிருந்து சூயிங் கம் விற்பனைக்குத் தடை உள்ள ஊரில் உட்கார்ந்து இதை எழுதுவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள்: ஒரு சூயிங் கம் பொட்டலத்துக்கும் அடுத்த பொட்டலத்துக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது. அப்படிப்பட்ட புதுச் சரக்குக்காக வந்த ஏற்பாடு இது. பதினைந்து வருஷம் ஒரு வீட்டில் உழைத்த மிக்சிக்கு இரட்டைப் பிறவி எங்கே இருக்கிறது?

மிக்சி என்றதும் எங்கள் புளோக் பதினோராம் மாடிப் பெண் ஞாபகத்துக்கு வருகிறாள். தானே போட்டுக்கொள்கிறேன் என்று மிக்சியின் அடியிலிருந்த மாடல் எண்ணைத் தட்டி, தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து விவரத்தை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டாள். மூன்று ஜார், இரண்டு வருட வாரன்ட்டி, அசல் பெட்டி. வாங்க வந்தவர் ஈசூனிலிருந்து வந்திருந்தார். லிப்ட் பக்கத்திலேயே பையைத் திறந்து பார்த்துவிட்டு மூன்றாவது ஜார் எங்கே என்று கேட்டார். இவள் நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மாடல் எண் சரிதான் ஆன்ட்டி. கம்பெனிப் பக்கத்தில் இருப்பதைத்தான் போட்டேன்."

"மாடல் சரிதான்மா. உன் வீட்டில் எத்தனை ஜார் இருக்கு?"

"ரெண்டு. மூணாவதுக்கு மூடி மட்டும் இருக்கு."

"வாரன்ட்டி?"

"அது அம்மா திருச்சியில வாங்கினது."

பொய் சொல்லும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. ஒட்டியது கம்பெனியின் வாக்கியம், ஆனால் இவள் பெயரில் வெளியே வந்ததும் அது இவள் கொடுத்த வாக்கு ஆகிவிடுகிறது. குறையுள்ள பொருளை விற்ற கடைக்காரர்களைக் கேட்க 2012 செப்டம்பரிலிருந்து இங்கே லெமன் சட்டம் இருக்கிறது, பழைய பொருளுக்கும் சேர்த்து. வீட்டுச் சாமானை விற்கும் தனி ஆளுக்கு அது பொருந்தாது. அப்படியானால் வாங்குகிறவர் நம்புவதற்கு இருப்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் எழுதிய வார்த்தைகள்தான். அப்புறம் பிளக். அங்கே உருண்டை முனை, இங்கே சதுர முனை. மின் அழுத்தம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான் என்றாலும் பிளக்கைப் பற்றி ஒரு வரி எழுதாமல் விட்டால் வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்த்தான் கண்டுபிடிப்பார். அரிசி குக்கர், கேத்தல், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றை இங்கே விற்க சேஃப்டி மார்க் என்ற பாதுகாப்பு முத்திரை வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த முத்திரையோடு ஓர் எட்டு இலக்க எண் வரும். அது பதிவு செய்த வியாபாரியையும் அந்த மாடலையும் சேர்த்துக் குறிப்பது. ஊரிலிருந்து சூட்கேஸில் வந்ததற்கு அது இருக்காது. மாடல் ஒன்றுதானே என்று இங்கத்திய பெட்டியின் படத்தை எடுத்துப் போட்டால், இல்லாத முத்திரையை இருப்பதாகக் காட்டியதாக ஆகிவிடும்.

இனி தலைப்பில் உள்ள கறைக்கு வருகிறேன். பழைய தமிழ்ப் புத்தகங்கள் நிறையவற்றுக்கு ஐஎஸ்பிஎன் கிடையாது. அந்த முறை சர்வதேசத் தரமாக ஆனதே 1970இல்; நம் பதிப்பகங்கள் பல அதற்குப் பிறகும் ரொம்ப காலம் அதைச் சட்டை செய்யவில்லை. படிவத்தில் எண் கேட்கும் இடத்தைப் பார்த்துப் பயந்து, இப்போது வரும் மறுபதிப்பின் எண்ணைத் தேடிப் போட்டுவிடுகிறார்கள். உடனே பளபளப்பான புது அட்டை வந்து உட்காரும். அறுபதுகளின் பதிப்பைத் தேடி அலைகிறவர் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார். அமேசான் மாதிரி, ஒரு பொருளுக்கு ஒரே பக்கம் வைத்து எல்லா விற்பனையாளர்களையும் அதில் வரிசையாகச் சேர்க்கும் இடங்களில் இது இன்னும் மோசம். நீங்கள் விற்பது வேறு புத்தகம் என்றே ஆகிவிடும். ஈபேயில் எண் இல்லாத பொருளுக்குப் பொருந்தாது என்று போட வழி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பார்த்து எழுதினால் போயிற்று: பதிப்பகம், எத்தனையாவது பதிப்பு, மாதம், வருஷம், அன்றைய விலை.

அப்படித்தான் ஒரு பழைய சமையல் புத்தகத்துக்கு எழுதினேன். முதுகுப் பட்டை தளர்ந்திருக்கிறது, முன்பக்கம் ஊதா மையில் அன்பளிப்பு எழுத்து, 43ஆம் பக்கத்தில் மஞ்சள் கறை, மீன் குழம்புப் பக்கம் என்பதால் ஆச்சரியமில்லை என்று. ஜன்னல் வெளிச்சத்தில் படமும் எடுத்துப் போட்டேன். சில வாரம் கழித்து அதே புத்தகம் வேறொருவர் பெயரில், என்னுடையதைவிட ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறைவாக வந்திருந்தது. விவரம் முழுக்க என்னுடையது. தளர்ந்த முதுகு, ஊதா மை, 43ஆம் பக்கம், மீன் குழம்பு நகைச்சுவை கூட அப்படியே. படத்தில் என் வீட்டு ஜன்னல் கம்பி, பின்னால் காய்கிற என் கணவரின் துண்டு.

கோபத்தைவிட எனக்கு ஆர்வம்தான் அதிகம். உங்கள் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் கறை என்று கேட்டு எழுதினேன். "கறையெல்லாம் இல்லை, நல்ல கண்டிஷன்" என்று பதில் வந்தது. என்னுடையதைவிட நல்ல பிரதியை வைத்துக்கொண்டு, என்னுடைய குறையைச் சொல்லி, குறைந்த விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறார்! காப்பி அடித்ததில் நஷ்டம் அவருக்கே என்று விளக்கினேன். படத்தை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தவருக்குத்தான் படம் சொந்தம். 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டத்தில், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கே கூட, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுத்தவர்தான் உரிமையாளர். அவர் படத்தை மாற்றினார். மீன் குழம்பு மட்டும் இன்னும் இருக்கிறது.

என் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைதான். 2017 ஜூலை 10இல் அதை மூடும்வரை போய்க்கொண்டிருந்தார். தரையில் விரித்திருக்கும் சாமானை எடுப்பார், கவிழ்ப்பார், தட்டுவார், முகர்ந்துகூடப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் விலை பேசுவார். இணையத்தில் வாங்குகிறவரால் கவிழ்த்துப் பார்க்க முடியாது, அவருக்காக நான்தான் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அதனால் எழுத்தாளர் பெயர், பக்கங்கள், வாட் அளவு என்று எந்தப் பிரதியிலும் மாறாத விவரங்களைக் கூச்சமில்லாமல் காப்பி எடுப்பேன். ஜார், மூடி, பிளக், கறை, வாரன்ட்டி என்று வீட்டுக்கு வீடு மாறுகிறவை என் கைப்படத்தான்.

இப்போது கையில் இருப்பது ஓர் ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். கைப்பிடிக்கு அடியிலிருந்த மாடல் எண் தேய்ந்து போயிருக்கிறது. இதே மாதிரி நாலைந்து மாடல் படங்கள் கிடைக்கின்றன, ஏதோ ஒன்றைப் போட்டால் கேட்பார் இல்லை. ஆனால் ரப்பர் வளையம் ஒவ்வொன்றுக்கும் வேறு அளவாக இருந்தால், வாங்குகிறவர் இங்கத்திய லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் கடை கடையாக ஏற வேண்டியிருக்கும். வாயின் உள் விட்டத்தை டேப் வைத்து அளந்தேன், 20 செண்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. மூடி உள்ளே இறங்கும் வகை, இரண்டு கைப்பிடி, வெயிட் பழையது. எந்த வளையம் பொருந்தும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அதுவரை இது விற்பனைக்குப் போகாது.