மட்டக்குளியில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய் ஃபைல் தூக்கிய கதை

கொழும்பில் ஒரு சின்ன அமைப்போடு சேர்ந்து தொண்டு செய்யலாம் என்று வெளிநாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பதற்கு முதல் நிறைய மேசைகளுக்கு முன்னால் நிற்க வேண்டி வரும். எனக்கு இன்னும் கோபம் முழுதாக ஆறவில்லை. ஆறிவிட்டால் எழுதமாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

அமைப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மட்டக்குளியில் ஒரு தொடர்மாடியில் சில அம்மாக்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் நடத்தும் மாலை வகுப்பு. 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயினவே, அந்த நேரம் பழைய வினாத்தாள்களைக் கையால் எழுதிக்கொடுத்துத் தொடங்கியிருக்கிறார்கள். நான் ரொறன்ரோவில் இருந்தபோதே எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் பேசி முடித்தாயிற்று. இரட்டைக் குடியுரிமை இருந்ததால் விசாவும் தேவைப்படவில்லை. அது இல்லாதவர்கள், சுற்றுலா விசாவில் வந்து இப்படி வேலை செய்யலாமா என்று குடிவரவுத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் சொல்வதை நம்பி வரவேண்டாம்.

நான் போன நேரம் வகுப்பு நடக்கும் அறையின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாடசாலையில் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பறை கேட்டிருந்தார்கள். அதிபர் மறுக்கவில்லை. மேலிடத்து அனுமதிக் கடிதம் வேண்டும், உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டும் என்றார். பிள்ளைகள் விஷயம், கேட்டது நியாயம்தான். “எங்களுக்கெல்லாம் வேலை இருக்கு, மிஸ்தானே பகல்ல ஃபிரீ” என்று ஃபைலை என் கையில் கொடுத்தார்கள்.

மட்டக்குளி கிராம உத்தியோகத்தர், ஜீ.எஸ். என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், முகத்தைப் பார்த்தவுடனேயே எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். வெள்ளவத்தை என்றேன். அப்படியென்றால் அங்கேதான் எடுக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார். கொழும்பு மாநகரம் இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளாக இருக்கிறது. மட்டக்குளி கொழும்புப் பிரிவு, வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயப் பிரிவு. வேலை செய்யும் இடம் கணக்கில் இல்லை, படுக்கும் இடம்தான் கணக்கு. இதை யாராவது முதலே சொல்லியிருந்தால் 155 பஸ்ஸில் காலை நெரிசலில் கழிந்த நேரம் மிஞ்சியிருக்கும்.

வெள்ளவத்தையில் வேறு சிக்கல். வாக்காளர் இடாப்பில் என் பெயர் இல்லை, ஆகவே வீட்டுக்காரர் கடிதம் வேண்டும். வீட்டுக்காரர் என் பெரியம்மா. இன்னார் என் வீட்டில் இருக்கிறார் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட அவருக்கு மனமே வரவில்லை. யுத்த காலத்தில் வீட்டில் இருப்பவர்களைப் பொலிஸில் பதிந்த பத்திரங்களை இன்னமும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். 2007 யூனில் வெள்ளவத்தை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைக் கொழும்பில் இருக்கக்கூடாது என்று பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவர். உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது என்று நான் சொன்னதற்கு, “தடுத்தது அடுத்த நாள், பிள்ளை” என்றார். அவரை அவசரப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. அவராக ஒரு நாள் எழுதித் தந்தார். சான்றிதழும் பிரதேச செயலக மேலொப்பமும் அதன்பிறகு பெரிய கஷ்டமில்லாமல் கிடைத்தன. ஜீ.எஸ். எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார், கதவில் ஒட்டியிருக்கும் நாட்களைப் பார்த்துப் போங்கள்.

உண்மையான அலைச்சல் அனுமதிக் கடிதத்துக்குத்தான். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் என் ஆங்கிலக் கடிதத்தைத் தொடவே இல்லை. சிங்களத்தில் கொண்டுவரச் சொன்னார். தமிழ்ப் படிவம் கேட்டேன், முடிந்துவிட்டது என்றார். 1987 இல் இருந்து தமிழும் அரசகரும மொழி, கொழும்பிலும் தமிழில் அலுவல் பார்க்க அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை இடம் தருகிறது. சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுச் சிங்களப் படிவத்தையே நீட்டினார்.

அதில் அடையாள அட்டை இலக்கத்துக்குக் கட்டங்கள். புதிய அட்டைக்கு 12 இலக்கம், பழையதற்கு 9 இலக்கமும் ஓர் எழுத்தும். என்னிடம் இரண்டும் இல்லை, கடவுச்சீட்டு இலக்கத்தை எழுதினேன். அது சரிவராது என்றார். என்னதான் எழுதுவது என்று கேட்டால், பெரியவரைக் கேட்க வேண்டும், அவர் மீட்டிங்கில் இருக்கிறார், வியாழக்கிழமை வாருங்கள் என்றார். ரொறன்ரோ பொலிஸ் தந்த நற்சான்றிதழையும், இதை யார் அத்தாட்சிப்படுத்தினது என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார். கனடாவிலிருந்து வருகிறவர்கள் புறப்படும் முன்னரே இதை ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் விசாரித்து வையுங்கள்.

வியாழக்கிழமை போனேன். கேற் பூட்டியிருந்தது. காவலாளி சிரித்துக்கொண்டே “மிஸ், இண்டைக்குப் போயா” என்றார். பௌர்ணமி நாளில் அரச அலுவலகம் எதுவும் திறக்காது என்பது, அங்கேயே சம்பளம் வாங்கும் மனிதருக்குத் தெரியாமலா போகும்? அலுவலகத்தில் ஒருவர் திகதி சொன்னால் அங்கேயே போனில் கலண்டரைத் திறந்து பாருங்கள். அரச தகவல் மையத்தின் 1919 இலக்கத்தில் தமிழிலும் பேசலாம். என்னென்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கடைசியில் வகுப்பை நடத்தும் அக்கா கூட வந்தார். தையல் தொழிற்சாலையில் வேலை. அரைநாள் லீவு, அரைநாள் சம்பளம் போச்சு. அவர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. நேரே மாடிக்கு ஏறி, கொரோனா நேரம் உலர் உணவுப் பொதி கொடுத்தபோது பழகிய ஓர் உத்தியோகத்தரிடம் போனார். வீட்டில் எல்லோரும் சுகமா, மகளின் ஓ.எல். பரீட்சை எப்படி என்று சிங்களத்தில் பேச்சு ஓடியது. பிறகுதான் படிவம் மேசைக்கு வந்தது. அந்த மனிதர் கட்டங்களுக்குப் பக்கத்தில் கடவுச்சீட்டு இலக்கத்தை எழுதி, கீழே சின்னக் கையெழுத்து வைத்தார். பொலிஸ் சான்றிதழைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் கூட. உதவிக்கென்று வந்த என்னால் அந்த அக்காவுக்கு அரைநாள் கூலி நட்டம். காசாகக் கொடுத்தேன், வாங்கவில்லை. அந்த மாத போட்டோகொப்பிக் கணக்கைக் கட்டினேன், அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. அங்கே ஒரு மூலையில் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. திறந்து பார்த்தால் குளிர்கால ஜக்கெட். மட்டக்குளியில்! கொடுக்கவும் முடியாமல் எறியவும் மனமில்லாமல் இரண்டு மேசை போடக்கூடிய இடத்தை அவை பிடித்திருக்கின்றன. தயவுசெய்து கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

வகுப்பு நன்றாகப் போகிறது. வீட்டில் தமிழும் ஒழுங்கையில் சிங்களமும் பேசும் பிள்ளைகள், ஆங்கிலத்தையும் பயமில்லாமல் பிடித்துக்கொள்கிறார்கள். தரம் 5 புலமைப்பரிசில் கணக்குகளை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். நான் வாசிப்புக்கு மட்டும். பகலில் வங்கி, பிரதேச செயலகம் என்று ஃபைலோடு போவதும் இப்போது என் வேலைதான்.

அனுமதி இந்தத் தவணைக்கு மட்டும்தான். அடுத்ததற்கான கடிதத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் டைப் பண்ணிவைத்தாயிற்று, அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிட்டேன். அது வருவதற்குள் தவணை முடிந்தால், நேரே மாடிக்குத்தான் போவேன்.